டின் ரூஃப், இரண்டாம் பக்கம்

ஊசி இறங்கியதும் வரவேண்டியது பேஸ் கிதார். துணைக்கு ஒன்றும் இல்லாமல், யாரோ மரப்படியில் நிதானமாக இறங்குவதுபோல நான்கு அடி. நான்காவது அடி முடிகிற இடத்தில் டிரம் வந்து சேர்ந்துகொள்ளும். நாற்பத்து நான்கு வருஷமாக அப்படித்தான் வந்திருக்கிறது. பரஞ்சோதி கண்ணை மூடிக்கொண்டு, வலது கால் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, முதல் அடிக்குக் காத்திருந்தார். பியானோ வந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைகளை மேடையேற்றும்போது வாசிப்பார்களே, அந்த மாதிரி கலகலவென்று ஒரு பியானோ. தட்டைத் திருப்ப மறந்து முதல் பக்கத்தையே மறுபடி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தார். ஆனால் முதல் பக்கத்திலும் பியானோ கிடையாதே. முதல் பக்கத்தை இப்போதுதான் கேட்டு முடித்தார்கள். ஐந்து பாட்டும் கேசட்டில் இருந்தபடியே, இருமல்கூட மாறாமல் இருந்தது. அது முடிந்து காபி குடிக்கும்போது என்ன பேச்சு பேசினார்! மதிவாணன் என்கிற புதியவர், நாற்பத்தைந்து வருஷம் பர்மிங்ஹாமில் இருந்துவிட்டு ஓய்வுபெற்று திருச்சி கே.கே. நகரில் வீடு வாங்கியிருப்பவர், நார்த் டாக் பாண்டின் மூன்றாவது ஆல்பமான இந்த டின் ரூஃப் தட்டை எங்கோ ஒரு பழைய கடையில் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தவர், "முதல் பக்கம் சரி சார். ரெண்டாவது பக்கம் சும்மா ரொப்பி வச்சிருக்கான். அஞ்சாவது ஆல்பத்துலதான் ரெண்டு பக்கமும் நிமிந்து நிக்குது, உச்சம்னா அதுதான்" என்றார். "ரொப்பியா? டின் ரூஃப் ரெண்டாம் பக்கத்தையா சொல்றீங்க? சார், அதுக்கு மேல ஏறப் படியே கிடையாது. நீங்க சொல்ற அஞ்சாவது ஆல்பம், எறங்கி வர்ற படி" என்று பாய்ந்தார் பரஞ்சோதி. சாதிக் பாய் சிரித்துக்கொண்டே மதிவாணனின் தொடையில் தட்டினார். "பென்ஷன நிறுத்திட்டாங்கன்னு சொல்லுங்க, சரிங்கன்னு கேட்டுக்குவாரு. ரெண்டாம் பக்கத்தப் பத்தி மட்டும் அண்ணங்கிட்ட வாயக் குடுத்துறாதீங்க." வீட்டுக்காரர் அமலோர் பிளேயருக்குப் பக்கத்தில் நின்று தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். பிறகு மதிவாணன்தான் எழுந்துபோய் ஊசியை இறக்கினார். ஊசி தட்டில் இருக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. நார்த் டாக் கேட்கக் கூடுகிற இந்தக் கோஷ்டியின் சட்டம் அது. எண்பதாம் வருஷம் அந்தச் சட்டத்தைப் போட்டதே பரஞ்சோதிதான்.

இப்போது நான்கைந்து பேர் சேர்ந்து 'கோல் பார்ஜ், கோல் பார்ஜ்' என்று கத்தினார்கள். கையும் தட்டினார்கள். கோல் பார்ஜ் என்பது இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டுக்குப் பெயர்தான், அதில் சந்தேகமில்லை, கேசட் அட்டையில் டைப் அடித்து இருந்தது, இன்றைக்கும் வீட்டு அலமாரியில் இருக்கிறது, 'ஏ' எழுத்துக்கு மட்டும் வயிறு அடைத்துப்போன டைப்ரைட்டர். அமலோருடைய டைப்ரைட்டர். ஆனால் பரஞ்சோதி அறிந்த கோல் பார்ஜில் அந்த வார்த்தையே வராது. நிலக்கரிப் படகு என்று பெயர் வைத்துவிட்டுப் பாட்டுக்குள் படகைப் பற்றியோ கரியைப் பற்றியோ ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போகிற துணிச்சல் எவனுக்கு வரும் என்று எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறார். தலைப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போகிறான் பாருய்யா, செருப்பை வாசலில் விடுகிற மாதிரி. அப்படிச் சொன்னபோது வெல்டிங் ஷாப் பாக்கியராஜ் தலையைத் தலையை ஆட்டினான், அவனும் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. லேபிள் மாறியிருக்கும். அதுதான். கம்பெனிக்காரன் வேறு யாருடைய தட்டிலோ இந்த லேபிளை ஒட்டிவிட்டான். ஒர்க்‌ஷாப்பில் ஒருதரம் நாற்பது பிரேக் சிலிண்டரில் நம்பர் பிளேட் மாற்றி அடித்துவிட்டார்கள், யாரும் கவனிக்கவில்லை, நடக்கும். ஆனால் பாடுகிறவன் அவன்தான். அதை மாற்ற முடியவில்லை. முதல் பக்கத்தில் பாடிய அதே கட்டைக்குரல், வரிக்கு வரி முன்னால் 'ஹ்' என்று ஒரு மூச்சு, கிணற்றில் குதிக்கப்போகிறவன் இழுப்பதுபோல. ஹ், கோல் பார்ஜ். ஹ், கோல் பார்ஜ். மூச்சு. பரஞ்சோதியின் கட்டைவிரல் தரையிலிருந்து தானாக எழும்பி நின்றது. அந்த மூச்சைப் பற்றி இப்போது நினைக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. ஏன் கூடாது என்று தெரியவில்லை, கொதிக்கிற பாத்திரத்தைத் தொடப்போன கை தானாகப் பின்வாங்குவதுபோல மனசு பின்வாங்கியது. அவர் எழுபத்தொன்பதாம் வருஷத்துக்குப் போனார். மேலப்புதூரில் செரஃபின் ரெக்கார்டிங் சென்டர், அமலோரின் அப்பா பெயரில் இருந்த, தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து கொடுக்கிற கடை, இரண்டு டெக், ஒரு பிளேயர், சுவர் முழுக்கத் தட்டு. பரஞ்சோதிக்கு அப்போது இருபத்து மூன்று வயசு, பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், கழுவினாலும் போகாத கிரீஸ் நகத்தில். அறுபது நிமிஷ கேசட்டைக் கொடுத்துவிட்டு, "நல்லதா எதாவது போட்டுக் குடுப்பா" என்றார். அமலோர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனக்கு ஒண்ணு இருக்கு. கப்பல்ல வேலை செய்யற எங்க மச்சான் கொண்டாந்தது. இந்த ஊர்ல யாருக்கும் நான் இன்னும் குடுக்கல" என்றான். இந்த ஊரில் யாருக்கும் கொடுக்காததை முதலில் உனக்கு. அந்த ஒரு வாக்கியத்தில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

இரண்டாவது பாட்டும் அது இல்லை. பரஞ்சோதி கண்ணைத் திறந்தார். சாதிக் பாய் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, புருவத்தைத் தூக்கி, என்னண்ணே இது என்று கண்ணாலேயே கேட்டார். அவரும் அதே கேசட்டின் பிரதியில் வளர்ந்தவர். திருச்சியில் நார்த் டாக் கேட்ட அத்தனை பேரும் அந்தக் கடையிலிருந்து பிறந்தவர்கள்தாம், அங்கே பதிந்ததிலிருந்து பதிந்து, அதிலிருந்து பதிந்து, கரூர், புதுக்கோட்டை வரைக்கும். மதிவாணன் சாதாரணமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்; நான் சொல்லவில்லையா, ரொப்பி வைத்திருக்கிறான் என்பதுபோல. பரஞ்சோதி அமலோரைப் பார்த்தார். அமலோர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கையும் இரண்டு முழங்காலின்மேல். முகத்தில் ஆச்சரியம் இல்லை. ஒரு கோடுகூட ஆச்சரியம் இல்லை. பூசைக்கு வந்து பிரசங்கம் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறவன்போல இருந்தார். கீழே குக்கர் விசில் அடித்தது, மீன் பொரிகிற வாசனை மாடிப்படி ஏறி வந்தது, அமலோரின் முகம் மட்டும் அப்படியே இருந்தது. தெரியும். இவனுக்குத் தெரியும். இன்றைக்குத் தெரிந்ததல்ல. தட்டு வந்துவிட்டது, போன மாசமே கேட்டுவிடலாம் என்று மதிவாணன் சொன்னபோது ஊசி தேய்ந்துபோயிற்று என்றான். அடுத்த ஞாயிறு பெல்ட் சறுக்குகிறது என்றான். அதற்கடுத்த ஞாயிறு முழங்கால் வலி. மதிவாணன் பாவம், இன்றைக்குப் புது ஊசியைத் தானே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார், அப்போதும் "எதுக்கு சார் சிரமம், இன்னொரு நாள் கேப்போமே" என்றான். பரஞ்சோதிதான் கத்தினார். "என்னய்யா நீ, பொண்ணு பாக்க வந்த எடத்துல நாள் தள்ளற மாதிரி! போடுய்யா, சார் ரெண்டாம் பக்கத்தக் கேக்கட்டும், கேட்டுட்டு அஞ்சாவது ஆல்பம்னு ஒரு வார்த்த பேசட்டும் பாப்போம்." இவரே கேட்டு வாங்கினார். தட்டு சுவரில் மாட்டியிருந்தது ஞாபகம் வந்தது. ஆமாம், கடைச் சுவரில், ஆணியில், டின் ரூஃப் தட்டு, அப்பளம் எண்ணெயில் வளைகிற மாதிரி ஒரு பக்கமாக வளைந்து. அட்டைப்பெட்டி வெயிலில் இருந்துவிட்டது, நல்ல வேளை பதிந்து முடித்த பிறகுதான் வளைந்தது என்று அமலோர் சொன்னான். பதிந்து முடித்த பிறகு. முன்னால் வளைந்திருக்கிறது. முதல் பக்கம் எப்படியோ ஓடியிருக்கிறது, இரண்டாம் பக்கத்தில் ஊசி எகிறியிருக்கிறது, கேசட்டில் பாதி காலியாக இருந்திருக்கிறது, கையில் கிடைத்த வேறு எதையோ போட்டு ரொப்பியிருக்கிறான். அட்டையில் மட்டும் உறையைப் பார்த்து டைப் அடித்திருக்கிறான். கோல் பார்ஜ். சில்வர் மைல். மிஸ்டர் ஹாலண்ட். லாஸ்ட் ஷிஃப்ட். நாலு பெயர், நாலு வேறு பிணங்களின் கால்விரலில் கட்டிய சீட்டு மாதிரி.

சரி, ரொப்பினான். அன்றைக்கு அவனுக்கு இருபத்தைந்து வயசு, கடை புதுசு, யாரோ ஒரு ஃபிட்டர் வந்து நல்லதா எதாவது போடு என்கிறான், போட்டான். அதை மன்னிக்கலாம். பரஞ்சோதி அதை மன்னித்தும்விட்டார், இதோ மூன்றாவது பாட்டு ஆரம்பிப்பதற்குள் மன்னித்துவிட்டார். ஆனால் அதற்கப்புறம் நாற்பத்து நான்கு வருஷம் இருக்கிறதே, அதை என்ன செய்வது. ஞாயிறுக்கு ஞாயிறு எதிரே உட்கார்ந்து, "பரஞ்சோதி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொன்னவனை என்ன செய்வது. திண்டுக்கல்லிலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார் வந்து முதல் ஆல்பம்தான் உச்சம் என்று மூன்று மணி நேரம் வாதாடினார், அவரை உண்டு இல்லை என்று ஆக்கி அனுப்பினார் பரஞ்சோதி, அவர் பஸ் ஏறின பிறகு அமலோர் தோளைத் தட்டி, "உன்ன மாதிரி கேட்டவன் யாருமில்லப்பா" என்றான். உண்மைதான். இவரை மாதிரி யாரும் கேட்டிருக்க முடியாது. இல்லாத ஆல்பத்தை இவர்தானே கேட்டார். இங்கிலீஷ் தெரியாது, எட்டாவதோடு படிப்பு நின்றது, அந்தப் பாட்டுக்காக அகராதி வாங்கினார், ராத்திரி ஷிஃப்ட் இல்லாத வாரமெல்லாம் ஒரு வரியை இருபதுதரம் ஓட்டி எழுதி, அர்த்தம் தேடி, அந்த இங்கிலீஷை வைத்துத்தான் பிறகு பதவி உயர்வுக்கான சார்ஜ்மேன் பரீட்சையே பாஸ் பண்ணினார். அவர் இங்கிலீஷ் கற்றது யாரிடமிருந்து? பெயர் தெரியாத ஒருத்தனிடமிருந்து. அந்த ஒருத்தன் பாடிய கடைசிப் பாட்டு, கேசட் முடிந்து பட்டென்று நிற்பதற்கு முன்னால் வருகிற அந்த லாஸ்ட் ஷிஃப்ட், அதில் குரல் கிட்டத்தட்ட பேச்சாக ஆகிவிடும், மூச்சே கேட்காது. அதைப் பற்றி இவர் ஒரு கொள்கையே வைத்திருந்தார். முதல் பக்கத்தில் வரிக்கு வரி மூச்சிழுத்துக் கத்துகிறவன் இரண்டாம் பக்கத்தில் மூச்சே விடாமல் பாடுகிறான் என்றால் இடையில் அவனுக்கு என்னவோ நடந்திருக்கிறது. தட்டைத் திருப்புகிற நேரத்துக்குள் அவன் எதையோ இழந்துவிட்டான். யாரை என்று பாட்டில் இல்லை. துக்கத்தில் மனுஷனுக்கு மூச்சு உள்ளேயே அடங்கிப்போகும், அதைப் பாடிக் காட்டியிருக்கிறான், அதனால்தான் இது உச்சம், இதற்கு மேல் ஒரு கோஷ்டி செய்வதற்கு ஒன்றும் கிடையாது. அப்படிச் சொல்லும்போதெல்லாம் அறை அமைதியாகிவிடும். அமலோரும் அமைதியாகத்தான் இருப்பான். துக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வேற ஆள். இவன் ஒரு ஆள், அவன் வேற ஆள்.

வேற ஆள். அந்த வார்த்தை வந்ததும் பரஞ்சோதியால் தள்ளிப்போட முடியவில்லை, பாத்திரத்தில் கை பட்டுவிட்டது. ரயில்வே குவார்ட்டர்ஸ், எண்பத்தைந்து, மழைக்காலம், கூடத்தில் ஆறு பேர், அப்போதெல்லாம் கோஷ்டி இவர் வீட்டில்தான் கூடும். மனைவி தையல்நாயகி டீத் தட்டோடு வந்தாள். கல்யாணமாகி மூன்று வருஷம். ரயில்வே ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா, ஞாயிறு லீவு. ஊசி தட்டில் இல்லை, கேசட் ஓடி முடிந்திருந்தது, அதனால் பேசலாம். டம்ளரை ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே, யாரிடம் என்று இல்லாமல், "கடைசியா பாடறவன் வேற ஆளு இல்லங்களா?" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். "இல்ல, மொத பாடறவனுக்கு ஒவ்வொரு தடவையும் மூச்சு இழுக்கறது கேக்குது. இவனுக்குக் கேக்கல. வார்டுல கட்டில் கட்டிலா மூச்சு ஓடுதான்னு பாத்துட்டு நிக்கற ஆளு நான். ஒருத்தர் மூச்சு மாதிரி இன்னொருத்தர் மூச்சு இருக்காதுங்க." அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று பரஞ்சோதிக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. ஆறு ஆம்பிளைகள் மூன்று வருஷமாக எதைக் கேட்டுக் கண் கலங்குகிறார்கள் என்று புரியாமல் சமையலறையில் நின்று, கேட்டுக் கேட்டு, அவளாக ஒன்றைக் கண்டுபிடித்து, அதை டீயோடு கொண்டுவந்திருக்கிறாள். பாக்கியராஜ் தொடையில் தட்டிச் சிரித்தான். "அண்ணி, பாட்டையும் வார்டுல சேத்துட்டீங்களா!" சிரிப்பு. பரஞ்சோதியும் சிரித்தார். சிரித்துவிட்டு, சிரிப்பு நின்ற பிறகு, "பால் பொங்கப் போவுது, போய் அதப் பாரு. மனுஷன் துக்கத்துல பாடறான், இவ மூச்சு எண்ணிக்கிட்டிருக்கா" என்றார். அடுப்பில் பால் இல்லை. டீதான் போட்டாயிற்றே. அவள் போகவில்லை. அவள் அமலோரைப் பார்த்தாள். கடைக்காரர், பதிந்தவர், அவருக்குத் தெரியும் என்று பார்த்திருக்கிறாள். "நீங்க சொல்லுங்கண்ணே. வேற ஆளுதான?" அமலோர் டம்ளரை வாயிலிருந்து எடுத்தான். ஒரு மிடறு குடித்தான். அந்த ஒரு மிடறு நேரம் இருந்தது அவனுக்கு. "ஒரே ஆளுதாம்மா" என்றான். "பாடற விதத்த மாத்திப் பாடறான். பழகுன காதுக்குத்தான் தெரியும்." பழகுன காது. அவள் காலித் தட்டை இடுப்பில் சாய்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள். "அப்ப சரிங்கண்ணே. எனக்கு என்ன தெரியும்."

மூன்றாவது பாட்டு முடிந்து நாலாவது வந்துவிட்டிருந்தது. இதுதான் நிஜமான லாஸ்ட் ஷிஃப்ட்டாக இருக்க வேண்டும். சங்கு ஊதுகிறதுபோல ஒரு சத்தம், பிறகு நடனத்துக்குப் போடுகிற தாளம், கட்டைக்குரல்காரன் உற்சாகமாக மூச்சிழுத்து மூச்சிழுத்துப் பாடிக்கொண்டிருந்தான், அவன் எதையும் இழக்கவில்லை, யாரும் அவனுக்குச் சாகவில்லை. எழுந்துபோய் ஊசியைத் தூக்கிவிடலாமா? சட்டம் போட்டவர் அவர். எனக்கு என்ன தெரியும். அதற்கப்புறம் அவளுக்கு அது பழக்கமாகிவிட்டது. மகனை எந்த காலேஜில் சேர்க்கலாம் என்றால், எனக்கு என்ன தெரியும். வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் வைக்கலாம் என்றால், எனக்கு என்ன தெரியும், நீங்களும் அமலோர் அண்ணனும் பேசி முடிவு பண்ணுங்க. இரண்டாம் பக்கம் ஆரம்பித்தால் துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போய்விடுவாள், துணியே காயப்போடாத நாளிலும் போவாள். விலா எலும்புக்குக் கீழே குத்துகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த ஆறு மாசமும், டாக்டரிடம் போகலாமா என்றதற்கு, எனக்கு என்ன தெரியும், வாயுவா இருக்கும் என்றாள். இல்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடக் கூடாது. ஒரு டம்ளர் டீயில் சொன்ன வார்த்தை முப்பது வருஷம் கழித்து விலாவில் போய்க் குத்துமா, என்ன பேச்சு இது, வியாதி வந்தது, போனாள், எல்லா வீட்டிலும் நடப்பது. ஆனால் முடிச்சு தானாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அவிழ்க்க அவிழ்க்க வேறு இடத்தில் விழுந்தது. அவளாவது ஆஸ்பத்திரியில் மூச்சைக் கேட்டாள். இவர் என்ன கேட்டார்? இவருக்குக் கேட்கவில்லையா? கேட்டதே. மூச்சு மாறுவது இவருக்கும் கேட்டது, அதற்குத் துக்கம் என்று பெயர் வைத்தார், அவள் வேற ஆள் என்று பெயர் வைத்தாள். அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே ஒரு தடவை, போவதற்கு நாலைந்து நாள் முன்னால், ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள், அவள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு இவர் முகத்தை இல்லை, இவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏறி இறங்குவதை. "என்ன பாக்கற?" என்றார். சிரித்தாள். காரியமெல்லாம் முடிந்து ஊரார் போன பிறகு இவர் நாற்பது நாள் அந்த இரண்டாம் பக்கத்தைத்தான் ஓட்டினார். தன்னைப்போல ஒருத்தன் முன்னாலேயே இருந்திருக்கிறான், இழந்திருக்கிறான், மூச்சடங்கி நின்று பாடியிருக்கிறான் என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நாற்பது நாளைக் கடந்தார். அமலோர் தினமும் சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கேசட் ஓடும். இருவரும் கேட்பார்கள். ஒருநாள் பரஞ்சோதி, "இது இல்லன்னா நான் செத்துருப்பேன் அமலோர்" என்றார். அமலோர் அழுதான். அன்றைக்கு அவன் அழுதது எதற்கு?

சங்குச் சத்தம் மறுபடி வந்தது, தேய்ந்து தேய்ந்து போயிற்று. ஊசி நடுவில் போய் டிக், டிக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. மதிவாணன் எழுந்து அதைத் தூக்கினார். சட்டம் முடிந்தது. "என்னண்ணே இது!" சாதிக் பாய் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "தட்ட மாத்திக் குடுத்துட்டானா கடைக்காரன்? சார், இது டின் ரூஃபே இல்ல சார். அமலோரண்ணே, நீங்க சொல்லுங்க, நீங்கதான பதிஞ்சீங்க." மதிவாணன் உறையை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, வரிசையைப் படித்தார். "கோல் பார்ஜ், சில்வர் மைல், மிஸ்டர் ஹாலண்ட், லாஸ்ட் ஷிஃப்ட். எல்லாம் சரியாத்தானே இருக்கு பாய்? எழுபத்தஞ்சுல பர்மிங்ஹாம்ல என் ரூம்மேட் வச்சிருந்ததும் இதுதான்." அமலோர் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினார். எழுபது வயசு முகம், காலையில் மழித்தபோது தாடையில் விட்டுப்போன ஒரு பட்டை நரைமயிர். "தட்டு வளைஞ்சு போயிருந்துச்சு பரஞ்சோதி" என்றார். "ரெண்டாம் பக்கம் ஓடவே இல்ல. மச்சான் பெட்டியில ஒரு கேசட் கெடந்துச்சு, அதுல இருந்து நாலு பாட்ட ரொப்பிட்டேன். நல்ல தட்டு வந்ததும் மாத்திக் குடுக்கலாம்னு இருந்தேன். நீ நாலாம் நாளே வந்து நின்ன, கண்ணெல்லாம் செவந்து. 'ரெண்டாம் பக்கம்'னு சொன்ன, அதுக்கு மேல ஒனக்குப் பேச்சு வரல. அப்ப எப்படிச் சொல்றது. அப்புறம் எப்பச் சொல்றது." சாதிக் பாய், "யா அல்லா" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வெடித்தது, உடனே நின்றது. பரஞ்சோதி கேட்டார், "அந்த கேசட். அது யாரு பாடுனது?" "அதுல லேபிள் இல்ல" என்றார் அமலோர். "சத்தியமா எனக்கும் தெரியாதுப்பா. மச்சானக் கேட்டேன், அவனுக்கும் தெரியல." கீழேயிருந்து அமலோரின் மனைவி, சாப்பாடு ஆச்சு, எல்லாரும் கை கழுவிட்டு வாங்க என்று கூப்பிட்டாள். எழுந்து போவதற்குள் இன்னொன்றைக் கேட்க வேண்டும், அதைத்தான் கேட்க வேண்டும், அந்த ஒரு மிடறு டீயைப் பற்றி. அமலோருக்கும் அது தெரியும். அவர் கண் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது, கேள், கேட்டுவிடு என்று கெஞ்சியது. கேட்டால் மன்னிப்புக் கேட்பான். அழுவான். தோளைப் பிடிப்பான். அதன் பிறகு அந்தக் கேள்வி இரண்டு பேருக்கும் பொதுவாகிவிடும், கோஷ்டியில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதையில் போய்ச் சேர்ந்துவிடும். அது கூடாது. அவள் அதைச் சொன்னபோது இவனும் நானும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம் என்று பரஞ்சோதி நினைத்தார்.

மதிவாணனுக்குப் பாதிதான் புரிந்திருந்தது. நல்ல மனுஷர், வாதத்தில் ஜெயித்த சங்கடத்தோடு, எதையாவது பேசி அறையை இளக்கவேண்டும் என்று, தட்டை உறைக்குள் மெதுவாகச் செருகிக்கொண்டே கேட்டார். "அதெல்லாம் விடுங்க சார். வேற யாரோடதையோ வச்சு நீங்க பேசிட்டிருந்தீங்க, ஆச்சு. இப்ப ஒரிஜினலக் கேட்டாச்சுல்ல. இப்பச் சொல்லுங்க, உங்களவிட இந்த ஊர்ல யாரு சொல்லப் போறா. மூணாவதா, அஞ்சாவதா? எது உச்சம்?" மூவரும் பரஞ்சோதியைப் பார்த்தார்கள். அவர் பேசுவதற்காக மூச்சை இழுத்தார். ஹ் என்று அது அவருக்கே கேட்டது.

"எனக்கு என்ன தெரியும்" என்றார்.

சாதிக் பாய் சிரித்தார், அண்ணன் தோற்றதை ஒத்துக்கொள்கிறார் என்று. மதிவாணனும் பெருந்தன்மையாகச் சிரித்தார். பிளேயரின் கண்ணாடி மூடியை இறக்கப்போன அமலோரின் கை பாதியில் நின்றது. நின்றபடியே இருந்தது. அவர் திரும்பவில்லை. பரஞ்சோதி குனிந்து, நாற்காலிக்கு அடியில் கழற்றி வைத்திருந்த செருப்பைக் காலால் தேடினார்.